திருப்பிப் பார்த்து வெட்டியவள்

எங்கள் வீட்டு முருங்கைக் கிளையை வெட்ட விடாமல் அவள் நிறுத்திய அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணை நான் சரியாகப் பார்த்தேன். மரம் எங்களுடையது. அரிவாளோடு மரத்தில் ஏறியிருந்தவனும் எங்கள் அத்தை கூட்டி வந்த ஆள். அத்தை என்றால் என் மாமியார். பக்கத்து வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண், மஞ்சள் பூத்த கண்ணும் மூக்குக் கண்ணாடியுமாக மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஒரு நிமிஷம், வெட்டாதீங்க! இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்றாள்.

"இன்னா இருக்குது?" என்றார் அத்தை.

"எங்க துணிக்கொடி இந்தக் கிளையிலதான் கட்டியிருக்கு, பெரியம்மா. இன்னொரு முனை ஓட்டுச் சட்டத்துல இருக்கு. கிளை விழுந்தா ஓடும் சேந்து வரும்."

"உங்க கொடிய எங்க மரத்துல யாரு கட்டச் சொன்னது?"

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துது. யார் கட்டுனதோ தெரியாது. ஆனா இருக்குதே!"

மரத்தில் இருந்தவன் இறங்குவதா வெட்டுவதா என்று தெரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் கொடிக்கு ஒரு முழம் தள்ளி வெட்டினான். வெட்டின இடம் மாறியதால் மிச்சக் கிளை எங்கள் கிணற்றுப் பக்கமாகத் திரும்பித் துளிர்த்தது. காய் பறிக்க வசதியாகப் போயிற்று. அத்தைக்குக் காய் பிடித்தது, அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை.

அவள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் பேர் ஊருக்கெல்லாம் தெரிந்துபோக அவள் ஒரு காரணம். அவள் பேராவது என்னோடு இருக்கட்டும்.

அவள் செஞ்சிக்கு ஓய்வெடுக்க வந்தவள். அண்ணனுக்குத் தாலுக்கா ஆபீசில் வேலை. இவள் பெங்களூரில் பெரிய படிப்பு, ஆராய்ச்சி என்றார்கள். மஞ்சள் காமாலை வந்து, படிப்பை நிறுத்தி வைத்துவிட்டு அண்ணன் வீட்டில் இருந்தாள். நான் தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி மதில் வழியாகக் கொடுப்பேன். முகத்தைச் சுளிக்காமல் குடிப்பாள். குடித்து முடித்ததும் டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் எல்லாம் அடியில் பேர் வெட்டியிருக்கும், யார் சீதனம் என்று. என் டம்ளரில் என் பேர் இல்லை, என் நைனா பேர்தான் இருந்தது.

எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து இரண்டு பக்கமும் படிப்பாள். நாள்காட்டியில் அவர்கள் வீட்டில் தேதி கிழிக்க விடமாட்டாள். பின்னால் மருத்துவக் குறிப்பு போட்டிருக்கிறான் என்று மேலே மடித்து மடித்துச் செருகி வைப்பாள். அந்த நாள்காட்டி கர்ப்பிணி மாதிரி வயிறு தள்ளி ஆணியில் தொங்கும். பேப்பரில் ஒரு சேதி வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுப்பாள். பின்பக்கம் திருப்பினால் அங்கே வேறு ஒரு சேதி பாதியில் நிற்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பேப்பரை அப்படியே மடித்து எடுத்து வைப்பாள். அவள் அண்ணன், "இன்னும் ரெண்டு மாசம் இருந்தா நான் பழைய பேப்பர் கடையே வெச்சுடலாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் மலையைக் காட்டி, "அந்தப் பக்கம் போய்ப் பாத்திருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள். வல்லத்தில் இருந்து கல்யாணமாகி வந்த நாளாக எனக்கு ராஜகிரி மேற்கே நிற்கிற ஒரு மலை, அவ்வளவுதான்.

"அந்தப் பக்கம் இன்னாமா இருக்கப் போவுது, பாறைதான்."

"அந்தப் பக்கத்து ஆளுங்க நம்மளப் பத்தியும் இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாங்க."

இப்படித்தான். அவளோடு பேசி முடித்தால் எனக்குத் தலை லேசாகச் சுற்றும். ஆனாலும் மறுநாள் மோரை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். யாரோடும் வாய்திறந்து பேசிப் பழக்கமில்லாத நான், அவளிடம் மட்டும் ஏனோ கேள்வி கேட்பேன்.

"நீ இன்னாதாம்மா படிக்கிறே?"

அவள் உட்கார்ந்து யோசித்துச் சொன்னாள். "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுலயும் ரொம்ப நீளமா ஒரு நூல் இருக்கு அக்கா. செல்லுன்னா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைன்னு வெச்சுக்குங்க. அந்த நூல்ல எழுத்து மாதிரி எழுதியிருக்கு. அதை ஜீன்னு சொல்லுவாங்க. உடம்புக்கு ஏதாவது செஞ்சுக்கணும்னா எழுத்தை நேரா படிக்காது. ஒரு நகல் எடுக்கும். நகல்ல நடுநடுவுல துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டு, மிச்சத்தை ஒட்டும். ஒட்டினதைத்தான் படிக்கும்."

"வெட்டிப் போடறதுக்கு எதுக்கு எழுதி வெக்கணும்?"

"தெரியாது. ஆனா இருக்குதே!" என்றாள் பழைய மாதிரியே. "இன்னொண்ணு கேளுங்க. எப்பவும் ஒரே இடத்துல வெட்டாது. ஈரல்ல ஒரு மாதிரி வெட்டும், மூளையில வேற மாதிரி வெட்டும். எழுத்து ஒண்ணுதான். வெட்டுற இடம் மாறுனா வர்ற பொருள் மாறிடும்."

"இங்க வெட்டு, அங்க வெட்டுன்னு யாரு சொல்றது?"

அவள் முகம் அப்போது பளிச்சென்று ஆனது. "அதைத்தான் அக்கா நான் தேடுறேன். சில இடத்துல அதே நூல்ல எதிர்முனையில இருந்து இன்னொரு ஜீனும் ஓடி வருது. ரெண்டுக்கும் கொஞ்சம் இடம் பொது. அந்த நகல் வந்து இந்த நகல் மேல ஒட்டிக்கிட்டா, வெட்ட வேண்டிய இடம் மறைஞ்சு போயிடும். அப்போ கத்தி வேற இடம் தேடிப் போவும். அப்படி நடக்குதுன்னு நான் நெனைக்கிறேன். இன்னும் யாருக்கும் காட்டுற மாதிரி கையில கிடைக்கல."

எனக்கு என்ன புரிந்தது என்றால், உடம்புக்குள்ளேயும் முருங்கைக் கிளையும் துணிக்கொடியும் இருக்கிறது என்பதுதான். அதையே சொன்னேன். அவள் மதில் மேல் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அந்த நாளில் என் வீட்டுக்காரர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். கடிதம் எழுத அவருக்கும் வராது, அஞ்சாவது படித்த நான் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் அவர் அம்மாவுக்கு. மறுபக்கம் எனக்கு.

அத்தை பக்கத்தைக் கூடத்தில் வைத்துச் சத்தமாகக் கேட்போம். தெருவில் இருந்துகூட ஆள் வரும். என் பக்கத்தை, அத்தை ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ போகிற மத்தியான நேரத்தில், சத்தத்தைக் குறைத்து டேப் பெட்டியின் மேலேயே காதை வைத்துக் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் "இந்தா... நான்தான்" என்றுதான் ஆரம்பிப்பார். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, சாப்பிட்டாயா என்று கேட்பார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். நாங்களும் அவர்கள் பேரைச் சொல்ல மாட்டோம். அவருக்கு நான் "இந்தா". அத்தைக்கு "ஏமே". தெருவுக்குப் பெரிய மருமகள். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்ட பேர் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. யாரும் கூப்பிடாத பேருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை.

அந்த ஐப்பசியில் வந்த கேசட்டுக்காக வீடே காத்திருந்தது. என் நாத்தனாருக்கு அவலூர்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்திருந்தது. கல்யாணத்தில் பெண்ணின் கையில் அண்ணன்தான் பொரி அள்ளிப் போட வேண்டும், அண்ணன் எப்போது வருவார் என்று சொன்னால் நாள் குறிக்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். எப்போது வருகிறாய் என்று கேட்டனுப்பியதற்குப் பதில் அந்தக் கேசட்டில் இருந்தது.

ஓட்டினோம். மற்ற எல்லாச் சேதியும் சொல்லி முடித்து, கடைசியில் "அம்மா, அப்புறம்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது குரல் குழறியது. பெட்டி நாடாவைத் தின்றுவிட்டது. அத்தை பதறிப்போய் வெடுக்கென்று கேசட்டை இழுத்தார். நாடா முறுக்குப் பிழிந்த மாதிரி கசங்கி, நடுவில் கிழிந்தது.

"என் புள்ள வாயில இருந்த சொல்லப் புடுங்கிடுச்சே இந்தப் பெட்டி!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "கடைவீதியில ரேடியோக்காரன் இருக்கிறான். கசங்கினத வெட்டிப்போட்டு ஒட்டிக் குடுத்துடுவான்" என்று கிளம்பினார்.

மதிலுக்கு மேலே அந்தத் தலை முளைத்தது. "பெரியம்மா, அதுல மறுபக்கம் என்ன பேசியிருக்காருன்னு பாத்தீங்களா?"

"மறுபக்கம் புருஷன் பொண்டாட்டி பேச்சு. அது போனா போவுது."

"குடுங்க, நான் பாக்கிறேன்."

கேசட்டை வாங்கிக்கொண்டு நாடாவை வெளிச்சத்தில் காட்டினாள். "பாருங்க, நாமதான் ரெண்டு பக்கம்னு சொல்றோம். நாடாவுக்குப் பின்னால ஒண்ணும் இல்ல. ஒரே முகத்துல மேல் பாதியில நீங்க, கீழ் பாதியில அக்கா. அவங்க எதிர்முனையில இருந்து வர்றாங்க. உங்களுது முடியிற இடத்துலதான் அவங்களுது ஆரம்பிக்குது." என்னைப் பார்த்தாள். நான் தேடுகிறேன் என்றாளே, அது இதுதான் என்று அந்தக் கண் சொன்ன மாதிரி இருந்தது. அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. கிழிந்தது எங்கள் கேசட்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பக்கம் ஒண்ணும் இருக்காதும்மா. கேக்க வேணாம். வெட்டிடு" என்றேன். சொல்லும்போதே முகம் சுட்டது. அவர் எனக்குச் சொல்வதை இன்னொருத்தி காதில் வாங்குவதா?

"கேக்காம வெட்ட மாட்டேன் அக்கா."

பெங்களூரில் இருந்து கொண்டுவந்த, காதில் மாட்டிக் கேட்கிற சின்ன டேப் ஒன்று அவளிடம் இருந்தது. பிளேடு, ஒட்டுகிற டேப், பழைய பட்டுத்துணி எல்லாம் வைத்துக்கொண்டு மறுநாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கசங்கின நாடாவைத் துணிக்குள் வைத்து நகத்தால் நீவி நீவி விடுவதை மதில் வழியாகப் பார்த்தேன். காதில் மாட்டியிருந்தவள் ஒரு தரம் சட்டென்று நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்து யாரோ என் பேரைச் சொல்லி, கூடவே அக்கா என்றும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். என்னைத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோதுதான் கையில் இருந்த செம்பு நழுவியது.

"உனக்கு யாரு சொன்னது?"

"உங்க பக்கம் சொல்லுச்சு" என்று கேசட்டை நீட்டினாள்.

அத்தை பக்கத்தைக் கூடத்தில் ஓட்டினோம். கரகரவென்று வந்தது, ஆனாலும் வந்தது. "அம்மா, அப்புறம்..." ஒரு இருமல். "தைக்கு வந்துடுவேன். கல்யாணத்த வெச்சுக்கோ."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என் ராசா!"

அந்தப் பெண் உடனே சொன்னாள், அதை நான் மறக்காமல் எழுத வேண்டும். "பெரியம்மா, அவசரப்படாதீங்க. கிழிஞ்ச இடத்துல ஒரு விரல் நீளம் எடுக்க வேண்டியதாப் போச்சு. அதுல ஒரு சொல் இருந்துது. 'கம்பெனிக்காரன் விட்டா தைக்கு வந்துடுவேன்'னு சொல்லியிருக்காரு. கம்பெனிக்காரன் விட்டாங்கிறது போயிடுச்சு."

"நீ பேசாதே. என் புள்ள பேசட்டும்" என்றார் அத்தை, மறுபடி ஓட்டினார். "தைக்கு வந்துடுவேன்." மறுபடி ஓட்டினார். "கேட்டியா? என் புள்ள வாயால சொல்றான். நீ இன்னாமோ நடுவுல சொருவுறே."

"சொருவல பெரியம்மா, எடுத்தேன்!"

"எடுத்தது எடுத்ததுதானே? அப்புறம் அதுக்கு இன்னா பேச்சு?"

அந்த வாரமே அவலூர்பேட்டைக்குச் சொல்லியனுப்பி, தையில் நாள் குறித்துவிட்டார்கள்.

நான் அவளைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "வேற எடத்துல வெட்டியிருக்கக் கூடாதாமா?"

அவள் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு நாடாத் துண்டு. வெட்டினதை எறிகிற பழக்கம்தான் அவளுக்கு இல்லையே. "கிழிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல் எடுக்கலாம், இல்ல அந்தப் பக்கம் ஒரு விரல் எடுக்கலாம். இந்தப் பக்கம் எடுத்தா பெரியம்மாவுக்கு இருமல் மட்டும்தான் போவும்."

"இருமலையே எடுத்திருக்கலாமே!"

"இருமலுக்குக் கீழதான் அக்கா உங்க பேரு இருக்கு."

தீப்பெட்டியில் இருந்த துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தத் துண்டுல கீழ் பாதியில ஒண்ணும் இல்ல. 'நான்தான்'னு சொல்லிட்டு அவரு சும்மா இருக்காரு. யோசிக்கிறாரு. அதுக்கு அப்புறம்தான் பேரைச் சொல்றாரு. அந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் வெட்டினேன். அது மேல கம்பெனிக்காரன் உக்காந்திருக்கான், நான் என்ன செய்ய?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா பேரு போவட்டும்னு சொல்லியிருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

உண்மைதான். அப்படித்தான் சொல்லியிருப்பேன். சரியாகச் செய்தாளா, தப்பாகச் செய்தாளா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் அத்தை தூங்கும்போது பெட்டியில் காதை வைத்து என் பக்கத்தைக் கேட்டேன். கேட்டுவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். எதற்கு வந்தேன் என்று தெரியாமல் உப்பு ஜாடியைத் திறந்து மூடினேன்.

கம்பெனி விடுமா விடாதா என்று கேட்டு அவளே எனக்காக ஒரு விமானத் தபால் எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. மார்கழி போயிற்று. அத்தை பொங்கலுக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்தார். மகனுக்கென்று வேட்டி எடுத்து வைத்தார். நினைத்தபோதெல்லாம் கேசட்டின் கடைசிப் பேச்சை ஓட்டிக் கேட்பார். பெட்டி தவறாமல் "தைக்கு வந்துடுவேன்" என்றது. கேட்கக் கேட்க எனக்கே அது நிஜமாகிவிடும் போலிருந்தது. சொல்லாமல் போன சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணத்தன்று காலை வரைக்கும் அவர் வரவில்லை. வாசலில் பந்தல், வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி மைக் செட். பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் போய்ப் போய் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், "பொண்ணோட அண்ணன் எங்க? வர்றாருன்னு சொல்லித்தானே நாள் வெச்சீங்க? பொரி யாரு போடறது?" என்று கேட்டார். இன்னொருவர், "வர்றேன்னு அவரு சொன்னாரா, இவங்களாச் சொல்லிக்கிட்டாங்களா?" என்றார்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "நானா சொல்லிக்கிட்டேன்? நீங்களே கேளுங்கய்யா!" என்று உள்ளே போய்க் கேசட்டைக் கொண்டுவந்து மைக் செட்காரரிடம் கொடுத்தார். "போடு, ஊரே கேக்கட்டும். கடைசிப் பேச்சு."

முந்தின நாள் ராத்திரி அத்தை அந்தப் பக்கத்தை முழுக்க ஓட்டிக் கேட்டிருந்தார். மைக் செட்காரர் கேசட்டைப் பார்த்தார். நாடா முழுக்க ஒரு பக்கமே சுற்றியிருந்தது. "இந்தப் பக்கம் முடிஞ்சு போயிருக்குதே" என்று திருப்பிப் போட்டார்.

நான் தாம்பாளத்தோடு அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். குழாயில், "இந்தா... நான்தான்" என்று கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டினேன். அவர் யோசித்த அந்த நேரம் நாடாவில் இருந்திருந்தால் என் கை போய்ச் சேர்ந்திருக்கும். அது தீப்பெட்டியில் இருந்தது. சேர்வதற்குள் வேப்பமரத்தின் உச்சியில் இருந்து என் பேர் விழுந்தது.

"உன்னப் பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. இங்க யாரும் இல்ல. அதான்."

இங்க யாரும் இல்ல என்றதும் பந்தல் வெடித்த மாதிரி ஒரு சிரிப்பு. தாம்பாளத்தில் இருந்த பாக்கெல்லாம் கீழே உருண்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்தேனே தவிர ஒரு பாக்கைக்கூட எடுக்கவில்லை. கோபமாக இருந்த அந்தப் பெரியவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பொண்ணோட அண்ணன் வந்துட்டாருய்யா! குழாய் வழியா வந்துட்டாரு! நேரம் ஆவுது, பொரியக் கொண்டாங்க!"

பெரியப்பா மகன் ஒருவன் அண்ணன் முறைக்கு நின்று பொரி போட்டான். கல்யாணம் நடந்தது.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அத்தை அந்தப் பெண்ணைத் தேடிப் போனார். அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அவ பேரு இருக்குது. எனக்கு வர வேண்டியது இல்ல. இன்னா கணக்கு இது?"

"ரெண்டு பக்கமும் பாத்துத்தான் செஞ்சேன் பெரியம்மா. உங்களுக்குப் போனது இன்னதுன்னு அப்பவே சொன்னேன்."

"வெட்டினப்புறம் சொன்னே. வெட்டுறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட சொன்னியா? அது உன் பேச்சா? எங்க ஊட்டுப் பேச்சு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். எனக்கு அத்தை சொன்னதும் சரியாகப் பட்டது, அவள் அப்படி நின்றது பாவமாகவும் இருந்தது. நான் யார் பக்கமும் பேசவில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்தில் ஏதோ அறுந்துபோகும் போல் இருந்தது.

மாசியில் அவள் பெங்களூருக்குத் திரும்பிப் போனாள். கண்ணில் மஞ்சள் போயிருந்தது. போகிற காலையில் கடைசி மோரைக் குடித்துவிட்டு, வழக்கம்போல டம்ளரைத் திருப்பிப் பார்த்தாள். தீப்பெட்டியை என் கையில் வைத்தாள்.

"உங்க அத்தை சொன்னதையே நெனச்சுக்கிட்டிருக்கேன் அக்கா. செல்லுக்குள்ள வெட்டுறப்போ யாரும் யார்கிட்டயும் சொல்றதில்ல. அங்க அது தப்பும் இல்ல. இங்க நான் பிளேடு புடிச்சப்போ, அதையும் இதையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேனோ என்னமோ."

"எனக்கு ஒண்ணும் புரியலமா" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள். என் பேரைச் சொல்லி, அக்கா என்றும் சேர்த்து, போயிட்டு வர்றேன் என்றாள். வரவில்லை. அவள் தேடியது அவள் கையில் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. சொல்லவும் ஆளில்லை, அண்ணனுக்கும் அந்த வருஷமே மாற்றல் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சித்திரையில் வந்தார். கம்பெனிக்காரன் அப்போதுதான் விட்டான். பஸ்ஸில் இருந்து இறங்கியதில் இருந்தே கேலி. "இங்க யாரும் இல்லப்பா, தைரியமாக் கூப்புடு!" என்று கடைவீதியே கத்தியது. வீட்டுக்கு வந்ததும் அத்தை, "நீ கம்பெனிக்காரன் விட்டா வர்றேன்னு சொன்னியாடா?" என்று கேட்டார். சொன்னேன் என்றார் அவர். அத்தை, "நீ சொல்லியிருப்பே. எனக்கு நீ சொல்லல" என்று உள்ளே போய்விட்டார். கடைசி வரைக்கும் அதில் இருந்து அத்தை மாறவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்னை "ஏமே" என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்கு நினைவில்லை. பேரைச் சொல்லித்தான் திட்டுவார்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் பழையபடி "இந்தா" தான். ஒருநாள் யாரும் இல்லாதபோது, அவர் குனிந்தபடியே கேட்டார். "குழாய்ல பட்டுன்னு வந்துச்சாமே? நான் அப்பிடிச் சொல்லலியே. நெஞ்சு அடிச்சுக்கிச்சு, எவ்வளவோ யோசிச்சுத்தானே சொன்னேன்?"

நான் தீப்பெட்டியை எடுத்து வந்து திறந்து காட்டினேன்.

"இன்னா இது?"

"நீங்க யோசிச்சது" என்றேன்.

அவர் அதைத் தொடவில்லை. பெட்டியை அப்படியே மூடி, என் கையிலேயே வைத்து, என் விரல்களையும் மூடிவிட்டார்.

டேப் பெட்டி எப்போதோ போய்விட்டது. கேசட் இருக்கிறது, ஓட்டிக் கேட்க ஒன்றும் இல்லை. தீப்பெட்டியை மட்டும் சில நாள் மத்தியானத்தில் எடுத்துத் திறப்பேன். விரல் நீளத் துண்டு. ஒரு பாதியில் அத்தைக்குப் போய்ச் சேராத சொல். மறுபாதியில் என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் அவர் பேசாமல் இருந்தது. எது மேல் பாதி, எது கீழ் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.